வண்ணம் எங்கே போயிற்று?

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களுக்குச் சொந்த ஊர் இரண்டு இடங்களில் இருக்கிறது. விடுப்பும் பாஸும் ஒருசேர வாய்க்கும் ஆண்டுகளில், இரவு பகலாக ரயிலில் பயணம் செய்து சென்று சேரும் ஊர் ஒன்று. பெட்டிக்குள் வைத்து, மாற்றலாகிப் போகுமிடமெல்லாம் கூடவே கொண்டு செல்லும் ஊர் மற்றொன்று. இந்த இரண்டாவது ஊர் ஒரு காலத்தில் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களாக இருந்தது. பிறகு வீடியோ கேசட்டாயிற்று. இன்று கணினியின் வன்தட்டில் ஒரு கோப்பாகக் குடியிருக்கிறது. பாட்டனாரை நேரில் கண்டிராத பேரப்பிள்ளைகள் அவருடைய நடையையும் குரலையும் அறிவது அந்தக் கோப்பின் வாயிலாகத்தான். ஆகவே அதனைக் குடும்பச் சொத்து எனின் மிகையாகாது.

அச்சொத்துக்கு இக்காலத்தில் நேரும் ஓர் இடையூறு பற்றி இத்திங்கள் எழுத விழைகிறோம். காணொளிகளைக் காட்டும் மென்பொருள் ஒருநாள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. ‘அப்டேட் முடிந்தது’ என்ற அறிவிப்பும் தோன்றுகிறது. மறுநாள் படத்தைப் போட்டால், நேற்றுவரை பளிச்சென்று இருந்த வண்ணங்கள் வெளுத்துக் கிடக்கின்றன. சில வீடுகளில் கறுப்பு நிறம் சாம்பலாகிறது. சில வீடுகளில் முகங்கள் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிகின்றன. சில வீடுகளில் நிழற்பகுதிகள் யாவும் கருமையில் மூழ்கிவிடுகின்றன. படம் கெட்டுவிட்டது என்ற அச்சம் வீட்டாரைப் பற்றிக்கொள்கிறது. அந்த அச்சத்தில் மூலக் கோப்பையே திருத்தப் புகுவோரும், புதிதாக மாற்றி எழுதிவிட்டுப் பழையதை அழித்துவிடுவோரும் உளர். பெரும்பாலும் படத்துக்கு யாதொரு கேடும் நேர்ந்திராது. கேடு நேர்ந்திருப்பது அதனைக் காட்டும் வழியில்தான். இந்த வேறுபாட்டை அறிந்துகொள்ளும் முறையை எம் இல்லத்து அனுபவத்தைக் கொண்டே விளக்குவோம்.

நாம் வங்காளத்துக் கரக்பூரில் ரயில்வே பார்சல் பிரிவில் எழுத்தராகப் பணிபுரிகிறோம். எம் தந்தையாரும் ரயில்வே ஊழியரே. அவர் பணியில் இருக்கையிலேயே 2007ஆம் ஆண்டு காலமானார். மறு ஆண்டு கருணை அடிப்படையில் எமக்கு இவ்வேலை கிடைத்தது. தந்தையார் நடமாடும் படம் எம்மிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. 2003ஆம் ஆண்டு அம்பாசமுத்திரத்தில் நடந்த எம் தமக்கையாரின் திருமணத்தில் எடுத்த வீடியோ அது. பந்தல் வாயிலில் சந்தனக் கிண்ணத்துடன் நின்று, வருவோரை அவர் பெயர் சொல்லி வரவேற்கும் பகுதி ஏறத்தாழ நான்கு நிமிடம் வரும். கேசட்டாக இருந்த அதனை 2012இல் கணினிக் கோப்பாக மாற்றி வைத்தோம். ஆண்டுதோறும் தந்தையாரின் திதியன்று மாலையில், குழந்தைகளைச் சுற்றி அமர்த்தி, அன்னையார் அதனைப் போடச் சொல்வார்.

சென்ற ஆண்டு திதிக்கு ஒரு வாரம் முன்னர்தான் எம் கணினியில் இருந்த படக்காட்சி மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. அன்று மாலை படம் ஓடத் தொடங்கியதும் அன்னையார் முகம் சுருங்கியது. “தம்பி, அப்பா முகம் ஏன் இப்படி வெளுத்துப் போய்க் கிடக்கு? சாம்பலை அள்ளிப் பூசினாப்பல இருக்கே!” என்றார். பந்தலில் கட்டியிருந்த வாழை மரங்கள் உயிரற்றுத் தோன்றின. இளைய மகள், “தாத்தாவுக்குக் காய்ச்சலா, ஆச்சி?” என்று கேட்டாள். அன்னையார் பதில் கூறவில்லை. நான்கு நிமிடம் முடியுமுன்னரே நிறுத்தச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

மறுநாள், கணினி பழுதுபார்க்கும் ஒருவரிடம் விசாரித்தோம். “பழைய கோப்பு அப்படித்தான் மங்கும், கொண்டு வாருங்கள், வண்ணமேற்றிப் புதிதாக எழுதித் தருகிறேன், பழையதை அழித்துவிடலாம்” என்றார். பார்சல் பிரிவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர்களுக்கு இப்பேச்சு ஏற்புடையதாகாது. சரக்கு சேதமாயிற்று என்று புகார் வந்தால் எமது அலுவலில் முதற்கேள்வி, “எந்த இடத்தில் கைமாறியபோது?” என்பதே. அனுப்பிய இடத்தில் எடை என்ன, வழியில் எத்தனை கை மாறிற்று, முத்திரை எங்கே குலைந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தால் குற்றம் எந்த நிலையத்தது என்பது தானே வெளிப்படும். படத்துக்கும் அதே முறையைக் கைக்கொண்டோம்.

காணொளிக் கோப்பிலிருந்து நம் கண் வரை வண்ணம் ஐந்து கை மாறுகிறது. முதலாவது, வன்தட்டில் உள்ள கோப்பு. இரண்டாவது, சுருக்கி வைத்த அக்கோப்பை விரித்தெடுக்கும் பணி. மூன்றாவது, விரித்தெடுத்த படத்தைத் திரைக்கேற்ற வண்ணமாக மாற்றும் பணி. நான்காவது, கணினியின் வரைகலைச் சிப்பும் அதனை இயக்கும் ‘டிரைவர்’ என்னும் மென்பொருளும். ஐந்தாவது, திரை. இவற்றுள் புதுப்பிப்பு தொடுவது இரண்டாவதையும் மூன்றாவதையுமே. சிற்சில வேளை நான்காவதையும் தொடும். முதலாவதை அது தொடுவதில்லை.

இதனை நம்பிக்கையாக மட்டும் விடாமல் சோதித்தும் பார்த்தோம். ஊரில் தமக்கையார் வீட்டு வன்தட்டில் இதே கோப்பின் படி ஒன்று இருக்கிறது. இரண்டின் அளவையும் கடைசி பைட் வரை ஒப்பிட்டோம், ஒன்றாக இருந்தன. அளவு என்பது பார்சலின் எடையைப் போன்றது. எடை ஒத்திருப்பது மட்டும் போதாது. ஆகவே ‘ஹாஷ்’ எனப்படும் சோதனை எண்ணையும் இரு இடங்களிலும் எடுத்தோம். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இவ்வெண் முற்றிலும் மாறிவிடும். அது அரக்கு முத்திரையைப் போன்றது. இரண்டு எண்களும் ஒத்திருந்தன. தந்தையாருக்கு ஒன்றும் நேரவில்லை என்று அன்னையாரிடம் தெரிவித்தோம். “அப்போ கண்ணாடியிலதான் அழுக்கா?” என்று கேட்டார். அதைவிட நன்றாக எம்மால் விளக்கியிருக்க இயலாது.

அடுத்து, அதே கோப்பை அலைபேசியில் ஏற்றிப் பார்த்தோம். வண்ணங்கள் பழையபடி தெளிவாக இருந்தன. கணினியில் ஒரு புகைப்படத்தைத் திறந்து பார்த்தோம். அதுவும் தெளிவாக இருந்தது. எனவே திரையின்மீதும் குற்றமில்லை. (மாலையில் திரையை மஞ்சளாக்கும் ‘இரவு ஒளி’ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் புகைப்படமும் மஞ்சளாகவே தெரியும், முதலில் அதனை நிறுத்திவிட்டுச் சோதிக்க வேண்டும்.) பிறகு அதே கணினியில் வேறொரு படக்காட்சி மென்பொருளில் போட்டுப் பார்த்தோம், நன்றாகவே வந்தது. குற்றம் புதுப்பிக்கப்பட்ட மென்பொருளுக்கும் வரைகலைச் சிப்புக்கும் இடையில் இருக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. இந்த நான்கு சோதனைகளுக்கும் அரைமணி நேரம்கூட ஆகவில்லை, செலவும் ஏதுமில்லை.

புதுப்பிப்புக்குப் பின்னர் இம்மென்பொருள்களில் வழக்கமாக மாறுவது ஒன்று உண்டு. படத்தை விரித்தெடுக்கும் வேலையைக் கணினியின் மையச் செயலகம் செய்துகொண்டிருந்தால், புதிய பதிப்பு அதனை வரைகலைச் சிப்பிடம் ஒப்படைத்துவிடும். இதற்கு ‘ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்’ என்று பெயர். படம் தடையின்றி ஓடவும், மின்சாரம் குறைவாகச் செலவாகவும் இது உதவுகிறது. ஆனால் அந்தச் சிப்பின் டிரைவர் பழையதாக இருந்தாலோ, அதன் வண்ண அமைப்பு வேறாக இருந்தாலோ நிறம் கெடுகிறது. முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியுமானால் பெரும்பாலும் இங்கேதான் காரணம் இருக்கும். மென்பொருளின் அமைப்புப் பகுதியில் இதனை நிறுத்தி, மென்பொருளை மூடித் திறந்து பார்க்க வேண்டும். எம் கணினியில் நிறுத்திய உடனே சாம்பல் மறைந்தது. அத்துடன் விட்டுவிடாமல் காரணத்தையும் தேடினோம்.

ஒளியின் அளவைக் கணினி 0 முதல் 255 வரை 256 படிகளாகக் கொள்கிறது. 0 முழுக் கறுப்பு; 255 முழு வெண்மை. தொலைக்காட்சி மரபில் வந்த காணொளிகளிலோ 16தான் கறுப்பு, 235தான் வெண்மை. ஒளியின் அலை சற்றே எல்லை மீறினாலும் வெட்டுப்படாமல் இருப்பதற்காக இருபுறமும் இடம் விட்டு வைத்தார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 601ஆம் பரிந்துரையாக 1982இல் இவ்வழக்கம் வகுக்கப்பட்டது. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்து, நம் நாட்டுத் தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறியதும் அதே ஆண்டுதான்.

ரயில்வே குடும்பத்தார்க்கு இதனை எளிதில் விளக்கலாம். அகலப் பாதையின் அளவு 1676 மில்லிமீட்டர்; மீட்டர் பாதையின் அளவு 1000 மில்லிமீட்டர். இரண்டும் சந்திக்கும் நிலையத்தில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றியாக வேண்டும். அந்த வேலை ஒரே ஒருமுறை நடக்க வேண்டும். காணொளியிலும் 16 முதல் 235 வரை உள்ள குறுகிய அளவை 0 முதல் 255 வரை உள்ள அகன்ற அளவுக்கு யாரேனும் ஒருவர் ஒருமுறை விரித்தாக வேண்டும். மென்பொருள், “டிரைவர் விரித்துக்கொள்ளும்” என்று இருக்க, டிரைவர், “மென்பொருள் விரித்திருக்கும்” என்று இருந்துவிட்டால், 16 என்ற எண் 16ஆகவே திரைக்கு வந்து, கறுப்பு சாம்பலாகிறது. 235 என்பது அழுக்கு வெண்மையாகிறது. மாறாக இருவருமே விரித்தால் நிழல்கள் கருமையில் மூழ்கும். வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்துவிடும். எம் வீட்டில் நேர்ந்தது முதலாவது வகை. வரைகலைச் சிப்பின் கட்டுப்பாட்டுப் பலகத்தில், காணொளி வண்ண அமைப்பு என்ற பகுதியில், ‘16–235’ என்று இருந்ததனை ‘0–255’ என்று மாற்றினோம். அதன் பின்னர் ஆக்சிலரேஷனை மீண்டும் இயக்கியபோதும் சாம்பல் திரும்பவில்லை. கணினியைக் கம்பி வழியே தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்துப் பார்ப்போர், பெட்டியின் அமைப்பிலும் இந்த அளவு பொருந்தியுள்ளதா என்று காண வேண்டும்.

படத்தை அன்னையாருக்குக் காட்டினோம். தந்தையார் முகத்தைக் கண்டு தலையசைத்தார். ஆயினும், “கூறைப்புடவை அரக்கு நிறமில்லா? இதுல செங்கல் பொடி மாதிரி இருக்கே” என்றார். அலைபேசியில் பார்த்தோம், அதில் அரக்காகவே இருந்தது. எழுபது வயதைக் கடந்த அன்னையாரின் கண் பிடித்த குற்றம் உண்மையாகவே இருந்தது.

அதற்குக் காரணம் பின்வருமாறு. காணொளியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று நேராக எழுதி வைப்பதில்லை. வெளிச்சத்தைத் தனியாகவும், நிற வேறுபாடுகள் இரண்டைத் தனியாகவும் பிரித்து எழுதுகிறார்கள். வண்ண ஒலிபரப்பு வந்த காலத்தில், பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வெளிச்சப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு படம் காட்டுவதற்கு இந்தப் பிரிவினை உதவிற்று. பிரித்தெழுதும் சூத்திரம் பழைய படங்களுக்கு ஒன்று, புதிய படங்களுக்கு வேறொன்று. கேசட்டிலிருந்தும் டிவிடியிலிருந்தும் வந்த 576 வரிப் படங்களுக்கு மேற்கூறிய 601ஆம் பரிந்துரையின் சூத்திரம். உயர்தெளிவுப் படங்களுக்கு, 1990இல் வந்த 709ஆம் பரிந்துரையின் சூத்திரம். முதற்சூத்திரத்தில் எழுதியதை இரண்டாம் சூத்திரத்தால் படித்தால் சிவப்பு ஆரஞ்சின் பக்கம் சாயும். பச்சை சற்றே இருளும். வேறுபாடு சிறிதுதான், வாழ்நாள் முழுதும் பட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கண்களுக்கு அது தப்பாது. படத்தைத் திரைக்கு அனுப்பும் முறைகளாக மென்பொருளின் காணொளி அமைப்பில் இரண்டு மூன்று இருக்கும். ஒன்றை விடுத்து வேறொன்றைத் தேர்ந்ததும் புடவை அரக்காயிற்று.

இவ்விடத்தில் வேறொரு நோயையும் குறிப்பிட வேண்டும். புதிய அலைபேசிகளில் எடுத்த படங்கள் பழைய கணினிகளில் வெளுத்துத் தெரிவது இன்று பல வீடுகளில் காணும் காட்சி. தமக்கையார் வீட்டுப் புதுமனை புகுவிழாவின் படமும் அவ்வாறே வந்தது. புதிய அலைபேசிகள் சில, ‘எச்டிஆர்’ என்னும் முறையில், 256 படிகளுக்குப் பதில் 1024 படிகளில், வேறுவிதமான ஒளிக்கணக்கில் படம் பிடிக்கின்றன. அக்கணக்கைச் சாதாரணத் திரைக்கேற்பக் குறைத்துக் காட்டும் திறமை மென்பொருளுக்கு இல்லையாயின் படம் மங்கிவிடும். இதற்கு மேற்கூறிய அளவு மாற்றம் பயன்படாது. அத்திறமையுள்ள மென்பொருளில் பார்ப்பது ஒரு வழி. ஊரிலுள்ள உறவினரிடம் கூறி, அலைபேசியின் கேமரா அமைப்பில் எச்டிஆரை நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்வது மற்றொரு வழி. ஒரு நோய்க்குரிய மருந்தை மற்றொரு நோய்க்குக் கொடுத்தால் குழப்பமே மிஞ்சும். ஆதலின் ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், பழையதொன்றும் புதியதொன்றுமாக இரண்டு படங்களைப் போட்டுப் பார்ப்பது நலம்.

மேற்கூறியவை எவற்றாலும் வண்ணம் திரும்பாவிடில், மென்பொருளின் அமைப்புகள் அனைத்தையும் தொடக்க நிலைக்குத் திருப்பலாம். எப்போதோ யாரோ நகர்த்திவிட்ட வண்ணத் திருத்தங்கள் அதனால் நீங்கும். டிரைவரைப் புதுப்பிக்கலாம். அதற்கும் வழி பிறக்காவிடில், மென்பொருளின் முந்தைய பதிப்பை நிறுவிக்கொண்டு அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, மாற்றியதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே வேளையில் நான்கை மாற்றினால் எது பலித்தது என்பது தெரியாது போய்விடும்.

புடவை சரியான பிறகு அன்னையார் மற்றொன்றும் கூறினார். தந்தையார் அன்று உடுத்தியிருந்த வேட்டியின் கரை பச்சை என்றார். திரையில் அது கருநீலமாகத் தெரிந்தது. அலைபேசியில் பார்த்தோம், கருநீலம். மற்ற மென்பொருளிலும் கருநீலம். ஊரில் தமக்கையாரையும் பார்க்கச் சொன்னோம், அங்கும் கருநீலம். எங்கும் ஒரே நிறமாக இருந்தமையால் இது புதுப்பிப்பின் குற்றமன்று என்பது தெளிவாயிற்று. பந்தலின் விளக்கொளியில் எடுத்தபோதே கேமரா அப்படிப் பிடித்ததோ, ஒன்பது ஆண்டுகள் கேசட்டில் கிடந்தபோது மாறிற்றோ, 2012க்கு முன்னரே அப்பச்சை போய்விட்டது. எந்த அமைப்பை மாற்றினாலும் அது திரும்பாது. கோப்பில் இல்லாததை எம்மென்பொருளாலும் காட்ட இயலாது.

அன்னையாரிடம் இதனைச் சொல்லத் தயங்கினோம். அவரோ அமைதியாகக் கேட்டுவிட்டு, “போகட்டும். பச்சைன்னு எனக்குத் தெரியுமில்லா? அம்பை ரதவீதிக் கடையில நான்தான் எடுத்துக் கொடுத்தேன்” என்றார். அன்றிரவு ஒரு குறிப்பேட்டைத் திறந்து, கோப்பின் பெயரை மேலே எழுதி, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். வேட்டிக் கரை பச்சை. கூறைப்புடவை அரக்கு, மாம்பழ மஞ்சள் கரை. தந்தையார் சந்தனம் பூசி வரவேற்கும் முதல் மனிதர் அவருடைய பள்ளித் தோழர். மூன்றாமவர் எம் தாய்மாமன். பதினேழு பேரின் பெயர்கள் அந்த நான்கு நிமிடத்தில் இருந்தன; அவர்களுள் ஆறு பேரை அன்னையாரன்றி எம் வீட்டில் எவரும் அறியார்.

அன்பர்களே! உங்கள் வீடுகளிலும் இத்தகைய படங்கள் இருக்கும். மென்பொருள்கள் இனியும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். வண்ணம் இனியும் ஒருநாள் மாறித் தெரியும். அப்போது மூலக் கோப்பின்மேல் கை வைக்காதீர்கள்; எவர் சொன்னாலும் அதனை அழிக்காதீர்கள். படி ஒன்று இங்கும், படி ஒன்று ஊரிலும், படி ஒன்று தனி வன்தட்டிலும் இருக்கட்டும். எந்தக் கை மாறியபோது குற்றம் நேர்ந்தது என்பதைப் பொறுமையாகத் தேடுங்கள். பெரும்பாலும் அது திரும்பப் பெறக்கூடிய குற்றமாகவே இருக்கும். அதற்கு முன்னதாக, இவ்வாரமே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். படத்தை ஓடவிட்டு, வீட்டு முதியவரை அருகில் அமர்த்தி, நிறங்களையும் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் நினைவில் உள்ளதற்கு வேறு படி கிடையாது.